டென்னிஸ் எல்போவுக்கு அக்குபஞ்சர் கைகொடுக்குமா?

கேள்வி: நாலு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. நாள் முழுக்க மவுஸ் பிடிக்கிற வேலை. கதவுக் கைப்பிடியைத் திருப்பினால்கூட சுரீர் என்கிறது. மாத்திரை அன்றைக்கு மட்டும்தான் கேட்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர், எனக்குப் பயம். அக்குபஞ்சரில் சரியாகுமா? எத்தனை சிட்டிங் போகவேண்டும்?

பதில்: வலி குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொண்டு வந்து மறுபடி அதே மாதிரி மவுஸைப் பிடித்தால், போன வலி அடுத்த வாரமே திரும்பி வந்து நிற்கும்.

முதலில் இது டென்னிஸ் எல்போதானா என்று பார்த்துவிடுங்கள். முழங்கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கிற மாதிரி வைத்து, லேசான நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். வெளிப்பக்க எலும்பு மேட்டில் வலி பிடுங்கும். அப்புறம் உள்ளங்கையை மேலே திருப்பி எதையாவது தூக்கினால் அவ்வளவாகத் தெரியாது. இப்படி இருந்தால் பெரும்பாலும் அதுதான். அதுவே வலி எலும்பு மேட்டில் இல்லாமல் மூன்று நாலு விரல் கீழே தசைக்குள் இருந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ நரம்பு அல்லது கழுத்துப் பிரச்சினையாக இருக்கலாம், ஊசிக்குப் போகும் முன் அதைப் பார்க்கவேண்டும்.

மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகளின் தசைநாண் அந்த மேட்டில்தான் வந்து ஒட்டுகிறது. மவுஸின் மேல் மணிக்கட்டைத் தூக்கியே வைத்திருந்தால் அது ஓய்வே இல்லாமல் இழுபட்டு, பழைய கயிறு மாதிரி நைந்துபோகும். வீக்கத்தைவிட இந்த நைவுதான் இதில் பெரிய பிரச்சினை, அதனால்தான் மாத்திரை நிரந்தரமாகக் கேட்பதில்லை.

ஊசி எங்கே குத்துவார்கள்? முழங்கையை மடக்கினால் வெளிப்பக்கம் மடிப்பு முடிகிற இடம் பெருங்குடல் 11, அதற்கு இரண்டு கட்டைவிரல் அகலம் கீழே பெருங்குடல் 10 (அக்குபஞ்சர் புள்ளிகளுக்கு உறுப்புகளின் பெயரில் வைத்த அடையாளம்தான் இது). கூடவே அழுத்தினால் ‘ஆ’ என்று கத்துகிற இடங்களிலும் ஒன்றிரண்டு. ஊசி சுமார் கால் மில்லிமீட்டர் பருமன்தான். குத்தும்போது பெரிதாகத் தெரியாது, உள்ளே போனபின் கை கனத்து மந்தமாக ஒரு குடைச்சல் வரும், அது வந்தால் பயப்படாதீர்கள். இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டுவைப்பார்கள். சிலர் ஊசியில் ஒயர் மாட்டி லேசாகக் கரண்ட் கொடுப்பார்கள், தசை தானாகத் துடிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

சிலர் முழங்கையைத் தொடாமல், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் பித்தப்பை 34 என்கிற புள்ளியில் குத்துவார்கள். ஏமாற்று வேலை என்று எழுந்து போய்விடாதீர்கள். 1994-இல் வெளியான ஒரு ஆய்வில் 48 பேரை வைத்து இதைத்தான் சோதித்தார்கள்: நிஜ ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 20 மணி நேரம் வலி தணிந்தது, போலி ஊசிக்காரர்களுக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. 20 மணி நேரம்தானா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு தடவை குத்தினால் அவ்வளவுதான். தொடர்ந்து பத்து சிட்டிங் போனால் பலன் சில வாரங்களுக்கு நீள்கிறது, வருடக் கணக்கில் நிற்கும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான். முதல் ஆறு வாரம் பிரமாதமாக இருக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களின் கைதான் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது.

வலி அடங்கியிருக்கிற அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இடது கையால் வலது கையை மேலே தூக்கிவிட்டு, ஐந்து எண்ணுகிற வரை மெதுவாக, வலது கையின் பலத்திலேயே இறக்குங்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று, தினமும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையிலும் அதிகமாக வலித்தால் எடையைக் குறையுங்கள். நைந்த தசைநாணைத் தேற்றுவது இந்த வேலைதான், அதைச் செய்ய முடிகிற அளவுக்கு வலியைக் குறைத்துக் கொடுப்பதுதான் ஊசியின் பங்கு. மவுஸையும் உடம்புக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து முன்கைக்குத் தாங்கல் கொடுங்கள்.

சிட்டிங் கணக்கு: வாரம் இரண்டு, மொத்தம் எட்டிலிருந்து பத்து. ஒவ்வொரு தடவையும் புது ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கரண்ட் கூடவே கூடாது. குத்திய இடத்தில் சின்னதாக ரத்தம் கட்டினால் சில நாளில் போய்விடும். ஆறு சிட்டிங் முடிந்தும் அந்தக் கதவுக் கைப்பிடி அதே மாதிரி சுரீர் என்றால் ஏழாவதுக்குப் பணம் கட்டாதீர்கள், கழுத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.