வாசகர் கேள்வி பதில்: டெலஸ்கோப் ஒண்ணு, ஆசை ரெண்டு

கேள்வி: அண்ணே, நாங்க டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கோம். பொண்ணு கிரேட் எட்டு படிக்கிறா, அவளுக்கு நட்சத்திரம் கிரகமெல்லாம் பார்க்கணுமாம், எனக்கு அதையெல்லாம் போட்டோ எடுக்கணும்னு ஆசை. ஆரம்பத்துக்கு ரிஃப்ளெக்டர், அதான் மிரர் வச்ச டெலஸ்கோப்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கடைக்குப் போனா 114/900, 130/650, 127/1000ன்னு நம்பரா இருக்கு, ஒரு டப்பாவுல 525 மடங்கு பெருசா தெரியும்னு வேற போட்டிருக்கு. கையில ஒரு பழைய கேனான் கேமரா இருக்கு. எதை வாங்குறது?

பதில்: முதல்ல அந்த 525 மடங்கு டப்பாவ கடைக்காரர்கிட்டயே விட்டுட்டு வாங்க தம்பி. மிரரோட அகலம் எத்தன மில்லிமீட்டரோ அதுல ரெண்டு மடங்கு, அதுக்கு மேல பெருசாக்கினா படம் பெருசாகும் ஆனா கலங்கலாத்தான் இருக்கும், அதாவது 130 மிரருக்கு 260 மடங்கு, அதுவும் காத்து அசையாம வானம் அமைதியா இருக்கிற ராத்திரியில. நம்ம டர்பன்ல கடக்காத்து அடிக்கிற நாள்ல 150 தாண்டினாலே வியாழன் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி நெளியும்.

நம்பர் ஒண்ணும் பெரிய விஷயமில்ல. முதல் நம்பர் மிரரோட அகலம், ரெண்டாவது ஃபோக்கல் லெங்த், அதாவது மிரர்ல இருந்து படம் விழுற இடம் வரைக்கும் உள்ள தூரம். அந்த ரெண்டாவது நம்பர ஐபீஸ் (கண்ண வச்சுப் பாக்குற குட்டி லென்ஸ்) மேல எழுதியிருக்கிற நம்பரால வகுத்தா எத்தன மடங்குன்னு வந்துடும், 130/650ல 25 ஐபீஸ் போட்டா 26 மடங்கு, 10 போட்டா 65. காசு குடுக்கிறது முக்கியமா முதல் நம்பருக்குத்தான், ஏன்னா மிரரோட வேலை வெளிச்சம் சேர்க்கிறது. இருட்டுல நம்ம கண்ணுப் பாப்பா விரிஞ்சா 7 மில்லிமீட்டர், 130 மிரர் அதவிட முன்னூறு மடங்குக்கு மேல வெளிச்சம் பிடிக்கும். 200 மிரர் அந்த 130தவிட இன்னும் ரெண்டு மடங்குக்கும் கூட.

இப்ப அந்த 127/1000. ஃபோக்கல் லெங்த் 1000ன்னு போட்டிருக்கு, ஆனா டியூப் பாத்தீங்கன்னா அரை மீட்டர்தான் இருக்கும். எப்பிடி? ஃபோக்கஸ் பண்ற குழாய்க்குள்ள ஒரு லென்ஸ ஒளிச்சு வச்சு இழுத்திருக்காங்க. மிரர் வெறும் உருண்டை வளைவு, அந்த லென்ஸ் அத சரிபண்ணணும், விலை மலிவான மாடல்ல அது சரியா நடக்கிறதில்ல, மிரர நேர்பண்ண லேசர் வச்சாலும் அந்த லென்ஸ் குறுக்க நிக்கும். எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, டியூப் குட்டையா இருந்து நம்பர் மட்டும் நீளமா இருந்தா தொடாதீங்க. 114/900 மாதிரி நீள டியூப்ல உருண்டை மிரரே போதும், வெளிச்சம் சாய்வு கம்மியா வர்றதால பிழை தெரியாது. 130/650 மாதிரி குட்டையானதுல பாராபோலிக் மிரரான்னு (உருண்டையா இல்லாம பரவளைவா தேய்ச்சது) கேட்டுத்தான் வாங்கணும், கடைக்காரருக்கு தெரியலன்னா டப்பாவுல எழுதியிருக்கும். (சதர்லண்ட்ல 2005ல திறந்த சால்ட் டெலஸ்கோப் இருக்கே, 91 அறுகோண மிரர், மொத்தம் 11 மீட்டர், அதுவும் உருண்டை வளைவுதான்! ஆனா அதுக்கு மேல பிழை திருத்துற மிரர் கூட்டமே தனியா இருக்கு, நம்ம டப்பாவுல அதெல்லாம் வராது.)

சரி, எதுல நிக்க வைக்கிறது, இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. மெல்லிசான மூணு கால் ட்ரைபாட், அதுமேல ரெண்டு வெயிட்டு, நாலு திருகு, பாக்க விஞ்ஞானி வீட்டு சாமான் மாதிரி இருக்கும், ஃபோக்கஸ தொட்டா சனிக்கிரகம் அஞ்சு செகண்ட் ஆடும். பொண்ணு ஒரு வாரத்துல வெறுத்துடுவா. அதுக்குப் பதிலா டாப்ஸோனியன் வாங்குங்க. ஒரு மரப்பெட்டி, அதுமேல டியூப், தள்ளினா நகரும் விட்டா நிக்கும், வேற வித்தையே கெடையாது. அதுல காசு முழுக்க மிரருக்குப் போகுது. பிளாட்ல இருக்கீங்க, படி இறங்கணும்னா மேசை மேல வைக்கிற 130/650 டாப்ஸோனியன் போதும், கையில தூக்கிட்டுப் போயிடலாம். முற்றம் இருக்கு, பக்கியும் (பிக்கப் வண்டி) இருக்குன்னா 200/1200 எடுங்க, மொத்தம் சுமார் 25 கிலோ, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியா நிக்கும், ஆனா கல்யாணம் ஆகி பொண்ணு போற வரைக்கும் அத மாத்தணும்னு தோணாது. நடுவுல 150/1200 இருக்கு, எனக்கு கேட்டா ஆரம்பக்காரங்களுக்கு அதுதான் அளவான சாப்பாடு.

இப்ப உங்க ஆசைக்கு வர்றேன், கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கும். அந்த டாப்ஸோனியன்ல உங்க கேனான மாட்டி நெபுலா, அதான் வானத்து வாயு மேகம், எடுக்க முடியாது. பூமி சுத்துற வேகத்துக்கு 650 ஃபோக்கல் லெங்த்ல ஒரு செகண்ட் ஷட்டர் திறந்து வச்சாலே நட்சத்திரம் கோடா இழுத்துடும், நெபுலாவுக்கு நிமிஷக்கணக்குல வேணும். அதுக்கு நட்சத்திரத்துக்கு பின்னாலயே சரியான வேகத்துல சுத்துற கெட்டியான ஈக்வடோரியல் மவுண்ட் வேணும், அந்த மவுண்ட் விலை டெலஸ்கோப் விலையவிட ரெண்டு மூணு மடங்கு வரும். இன்னொரு சிக்கல், பல நியூட்டோனியன்ல, அதான் இந்த மாதிரி மிரர் டெலஸ்கோப்ல, கேமராவ மாட்டினா ஃபோக்கஸே வராது, படம் விழுற இடம் குழாய்க்கு உள்ளயே நின்னுடும், கேமரா சென்சார் அதத் தொடாது. பார்லோ லென்ஸ் போட்டா வரும், ஆனா ஃபோக்கல் லெங்த் ரெண்டு மடங்காயிடும், கோடு இன்னும் வேகமா இழுக்கும். ஒரே டெலஸ்கோப்ல ரெண்டு ஆசையும் தீரும்னு சொல்லி விக்கிறவங்ககிட்ட ஜாக்கிரதை.

அதுக்காக கேமராவ அலமாரியில வைக்க சொல்லல. கேப் டவுன்ல 1882ல ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்துச்சு. அங்க ராயல் அப்சர்வேட்டரியில இருந்த டேவிட் கில் என்ன பண்ணார்னா, உள்ளூர் போட்டோகிராபர் ஒருத்தரோட கேமராவ டெலஸ்கோப் முதுகுல கட்டி, டெலஸ்கோப்ப வால்நட்சத்திரத்து மேலயே பிடிச்சு ஓட்டி, கேமராவோட சொந்த லென்ஸ்லயே மணிக்கணக்கா எக்ஸ்போஷர் குடுத்தார். வால்நட்சத்திரத்தோட பின்னால நட்சத்திரமா கொட்டிக் கிடந்துச்சு பிளேட்ல. அதப் பாத்துதான் தெற்கு வானத்தையே போட்டோவுல கணக்கெடுக்கலாம்னு கிளம்பி, கடைசியில நெதர்லாந்து வானியலாளர் கப்டெய்னோட சேர்ந்து 4.5 லட்சம் நட்சத்திரத்துக்கு மேல அட்டவணை போட்டாங்க. நீங்களும் அதையே பண்ணலாம், இப்ப டெலஸ்கோப் முதுகு கூட வேணாம், ஸ்டார் டிராக்கர்னு கையடக்கமா ஒரு மோட்டார் தலை விக்குது, சாதாரண ட்ரைபாட்ல மாட்டி உங்க கேனான 50 மில்லிமீட்டர் லென்ஸோட வச்சா ஒரு நிமிஷம் தாராளமா எடுக்கலாம். முப்பது நாப்பது படம் எடுத்து டீப்ஸ்கைஸ்டாக்கர்ங்கிற சாஃப்ட்வேர்ல போட்டு அடுக்குங்க, இலவசம்தான்.

டாப்ஸோனியன்லயும் நிலாவ எடுக்கலாம், செல்போன ஐபீஸ் மேல பிடிக்கிற கிளாம்ப் ஒண்ணு வாங்கினா போதும். வியாழன் சனியெல்லாம் போட்டோவா எடுக்காதீங்க, வீடியோவா எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல போட்டா நல்ல ஃபிரேம மட்டும் பொறுக்கி சேத்துடும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, அத சொல்லாம விட்டா பாவம். பால்வெளியோட நடு மையம் தெற்கே 29 டிகிரியில இருக்கு, டர்பன் இருக்கிறது தெற்கே 29.9. அதாவது ஜூன் நடுவுல நடுராத்திரி பால்வெளி மையம் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல, ஆகஸ்ட் ஆரம்பம்னா ராத்திரி ஒம்பது மணிக்கே. இங்கிலாந்துக்காரங்க அத தரையோரமாத்தான் பாக்கணும். குளிர்காலம்தான் நமக்கு வானம் தெளிவு, தைப்பூசக் காவடி எடுக்கிற சமயத்துல மழை மேகம்தான் பாக்கலாம். என்ன ஒண்ணு, அதே குளிர்காலத்துல கரும்புக்காட்ட கொளுத்துவாங்க, டோங்காட் பக்கம் புகைக்கு நட்சத்திரம் பாதியாயிடும். லோட் ஷெட்டிங் வந்தா ஊரே திட்டும், நம்ம ஆளுங்க மட்டும் டெலஸ்கோப்ப தூக்கிட்டு வெளிய ஓடுவாங்க. ஒரு வாரக்கடைசி டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் போக முடிஞ்சா போங்க, ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கொத்த 25 ஐபீஸ்ல பொண்ணுக்குக் காட்டுங்க. அப்புறம் வாங்குறதுக்கு முன்னாடி, 1922ல இருந்து ஆஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி ஆஃப் சதர்ன் ஆப்பிரிக்கா இருக்கு, டர்பன்லயும் அதோட கிளை இருக்கு, அவங்க டெலஸ்கோப்ல கண்ண வச்சுப் பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

கேள்வி: ஈக்வடோரியல் மவுண்ட் கிஃப்டா வந்துச்சு அண்ணே. வீடியோவுல எல்லாம் துருவ நட்சத்திரத்த நோக்கி வைங்கன்னு சொல்றாங்க. டோங்காட்ல அது எங்க தெரியும்?

பதில்: எங்கயும் தெரியாதும்மா, அது வடக்கத்தி ஆளுங்களுக்கு. நமக்கு அச்சு தெற்க நோக்கி இருக்கணும், உயர அளவுகோல்ல 30 டிகிரி. தெற்குத் துருவத்துக்கு பக்கத்துல சிக்மா ஆக்டான்டிஸ்னு ஒண்ணு இருக்கு, அவ்வளவு மங்கல், தெருவிளக்கு இருக்கிற ஊர்ல வெறுங்கண்ணுக்கு ஆம்புடாது. திரிசங்குவோட நீளக் கட்டைய, அதான் சதர்ன் கிராஸ், அப்பிடியே நாலரை மடங்கு நீட்டினா வர்ற இடம்தான் துருவம், கண்ணால பாக்குற வேலைக்கு அது போதும். காம்பஸ் வச்சு பண்றவங்க கவனிக்கணும், நம்ம பக்கம் காம்பஸ் முள்ளு சுமார் 25 டிகிரி விலகும், தெற்கப் பாத்து நின்னா முள்ளு காட்டுற தெற்குல இருந்து வலது கைப்பக்கம் அத்தன டிகிரி தள்ளித்தான் நெசமான தெற்கு. போன் காம்பஸ்ல ட்ரூ நார்த்னு மாத்திக்கிட்டா இந்தத் தொல்லை இல்ல. மோட்டார் இருந்தா அதுல வடக்கு தெற்கு சுவிட்ச் ஒண்ணு இருக்கும், அத தெற்குல தள்ளுங்க, இல்லன்னா அது எதிர்த்திசையில ஓடி நட்சத்திரம் ரெண்டு மடங்கு வேகமா ஓடிடும்.

கேள்வி: எங்க வீட்டுக் கல்யாணத்துல ஐயர் மேல கைய காட்டி அருந்ததி பாருங்கன்னாரு. டெலஸ்கோப்ல அது தெரியுமா? (வெருலம் வாசகி)

பதில்: அக்கா, கைய மேல காட்டினாருன்னா அது அருந்ததி இல்ல. வசிஷ்டரும் அருந்ததியும் சப்தரிஷி மண்டலத்துல வடக்கே 55 டிகிரியில இருக்காங்க, நம்ம ஊர்ல இருந்து எவ்வளவு உயர வந்தாலும் வடக்கு அடிவானத்துக்கு மேல 5 டிகிரிதான். மே மாசம் ராத்திரி பத்து மணி வாக்குல வடக்க ஒரு மறைப்பும் இல்லாத மேட்டுல நின்னா ஆம்புடலாம். டெலஸ்கோப் கிடைச்சா ஒரு சந்தோஷம் இருக்கு, வசிஷ்டரே ரெண்டா பிரிஞ்சு தெரிவாரு. தலைக்கு மேல எதையாவது காட்டித்தான் ஆகணும்னா கோடைகாலக் கல்யாணத்துல அகத்தியர் நட்சத்திரத்த காட்ட சொல்லுங்க, அவரு நமக்கு நல்லா உயரத்துலயே நிப்பாரு.

கேள்வி: 2030ல டர்பன்ல முழு சூரிய கிரகணமாமே. பழைய ரிஃப்ளெக்டர் ஒண்ணு இருக்கு, அது கூட ஐபீஸ்ல திருகுற கறுப்புக் கண்ணாடியும் இருக்கு. அதுல பாக்கலாமா?

பதில்: நவம்பர் 25, 2030, நம்ம டர்பன் அந்தப் பாதைக்குள்ளதான் வருது. அந்த ஐபீஸ் கண்ணாடிய இப்பவே சுத்தியல் வச்சு உடைச்சுக் குப்பையில போடுங்க, வேற யாருக்கும் குடுக்காதீங்க. மிரர் சேர்த்த வெயில் அத்தனையும் அந்தச் சின்னக் கண்ணாடியில விழுந்து சூட்டுல வெடிக்கும், கண்ணு அதுக்கு நேர் பின்னால இருக்கும். ஃபில்டர் எப்பவும் டியூப்போட வாய்ல, சூரியன் பாக்குற பக்கம், காத்துக்கு விழாம டேப் போட்டு இறுக்கி. சோலார் ஃபிலிம் ஷீட்டா விக்குது, அட்டையில நீங்களே வளையம் செஞ்சுக்கலாம், ஓட்டை கீறல் இருந்தா அத பாவிக்காதீங்க. மேல குறி பாக்க வச்சிருக்கிற குட்டி ஃபைண்டரையும் கழட்டி வச்சுடுங்க, பிள்ளைங்க மொதல்ல அதுலதான் கண்ண வைக்கும்.