குட்டைப் பாறைக்கு முழு செட் எதற்கு?

கேள்வி: பாலைவனத்தில் ஒரு பாறை ஏற ஆசை. உயரம் 15 மீட்டர்தான், ஆனால் ஏறுபவர் பக்கமாக நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. பாறையில் நிரந்தரமாக அடித்த போல்ட் கிடையாது, விரிசலில் நாமே கேம் (விரிந்து இருபக்கச் சுவரையும் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த உலோகக் கருவி) செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறும் டிராட் வழி. அடி முதல் உச்சி வரை விரிசல் கை நுழையும் அகலம். சின்னது முதல் பெரியது வரை கேம்கள் முழு செட் எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். ஒருவர் தன் பழைய செட்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: முழு செட் இப்போதைக்கு வேண்டாம். விரிசல் ஒரே அகலத்தில் போனால் செட்டில் முக்கால்வாசி இடுப்பில் தொங்கும் வெறும் சுமை. சாய்ந்த பாறையில் அந்த எடை முழுவதும் உங்கள் முன்கைக்குத்தான் போகும்.

உங்களுக்குத் தேவை ஒரே அளவில் நாலைந்து கேம். கை அகலத்துக்கு பிளாக் டயமண்ட் நிறுவனத்தின் கேமலாட் சி4 வகை கேமில் 2-ஆம் எண், மஞ்சள் நிறம். ஏறக்குறைய 37 முதல் 65 மில்லிமீட்டர் வரை பிடிக்கும். இடையில் குறுகினால் 1-ஆம் எண், சிவப்பு (30 முதல் 52 வரை), ஒன்றிரண்டு போதும். முழுக்கச் சுருங்கியோ முழுக்க விரிந்தோ இல்லாமல், கேம் விரியும் வீச்சின் நடுப்பகுதியில் உட்காரும் அளவே நல்லது. அதனால் முன்பு ஏறியவரிடம் அகலத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். இரண்டை வாங்கி, மற்றதை நண்பர்களிடம் இரவல் கேட்பதும் நல்ல வழிதான்.

15 மீட்டருக்கு எதற்கு இத்தனை என்று தோன்றலாம். கணக்கு போட்டுப் பாருங்கள். கால் 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடைசி கேம் காலுக்கு 2 மீட்டர் கீழே. கயிறு கட்டிய இடுப்பு கேமுக்கு 3 மீட்டர் மேலே இருக்கும். கை நழுவினால் கேம் வரை 3, அதற்குக் கீழே 3 என்று 6 மீட்டர் விழுவீர்கள், அதாவது தரை வரைக்கும். குட்டைப் பாறையில் தரை எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் கீழ்ப் பாதியில் கேம்கள் நெருக்கமாக இருந்தே ஆக வேண்டும். இதே காரணத்தால் நீளமான ஸ்லிங்கும் (கேமையும் கயிற்றையும் இணைக்கும் துணி வார்) தேவையில்லை: 30 சென்டிமீட்டர் கூட்டினால் விழும் தூரம் 60 கூடும். கூரைபோல நீட்டியிருக்கும் விளிம்பைத் தாண்டும் இடத்தில் மட்டும், கயிறு உரசாமலும் கேம் நகராமலும் இருக்க ஒன்று போடுங்கள்.

பாறை என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்காவின் ஜோஷுவா ட்ரீ மாதிரி கரடுமுரடான கிரானைட் இனம் என்றால் கேம் நன்றாகப் பிடிக்கும், கைத்தோல்தான் உரியும். விரிசலில் ஏறப் போடும் கையுறையோ, கையில் சுற்றும் டேப்போ சேர்த்து வாங்குங்கள். யூட்டாவின் இந்தியன் க்ரீக் மாதிரி மணற்கல் என்றால் கவனம் வேண்டும். கேம் தன்மேல் வரும் இழுப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கை இருபக்கச் சுவரிலும் தள்ளுகிறது. மணற்கல் அதில் பொடிந்து, கேம் வழுக்கி வெளியே வரலாம். மழை பெய்த மணற்கல் இன்னும் பலவீனம். மேலே உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அந்த வாரம் போகாதீர்கள்.

இனி பழைய செட். உலோகம் நன்றாக இருந்தால் வாங்கலாம். டிரிகரை (கேமைச் சுருக்க இழுக்கும் பிடி) இழுத்து விடுங்கள், எல்லா லோபும் (பாறையைப் பிடிக்கும் வளைந்த உலோகத் துண்டு) ஒன்றுபோலத் திரும்ப வேண்டும். அச்சு வளைந்திருந்தாலோ, லோபில் ஆழமான கீறலோ தட்டையான இடமோ இருந்தாலோ வேண்டாம். மணல் புகுந்து இறுகியிருந்தால் அது குறையே இல்லை: வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, மெழுகு கலந்த லூப்ரிகன்ட் போடுங்கள். சாதாரண எண்ணெய் போட்டால் இன்னும் மணல்தான் ஒட்டும். துணி ஸ்லிங்கை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் எத்தனை நாள் கிடந்தது, கார் டிக்கியில் பேட்டரி அமிலம் பட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தயாரிப்பாளர் அங்கீகரித்த இடத்தில் புது ஸ்லிங் தைக்க ஆகும் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். அப்புறமும் லாபம் என்றால் சரி, எடுங்கள்.

கேள்வி: அதே கடையில் நீர்புகாப் பூச்சு போட்ட 70 மீட்டர் கயிறு காட்டுகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இந்தப் பாறைக்கு 40 மீட்டர் போதும், உச்சியிலிருந்து இறங்க 30 மீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் தேவை. வேறு உயரமான இடங்களுக்கும் போவீர்கள் என்றால் 60 எடுங்கள். பூச்சுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. நுனியில் வட்டத்துக்குள் 1 என்ற குறி (ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்தலாம் என்று அர்த்தம்), ஏறும் கயிற்றுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 892 முத்திரை, இரண்டும் இருக்கட்டும். லேபிளில் டைனமிக் நீட்சி, அதாவது விழும்போது கயிறு நீளும் அளவு, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தர விதி 40 வரை அனுமதிக்கிறது. தரை பக்கத்தில் இருப்பதால் 30-ஐ ஒட்டியதைத் தேடுங்கள். அவ்வளவாக நீளாத ஸ்டாட்டிக் கயிறு மலிவாகக் கிடைத்தாலும் முன்னால் ஏறுபவருக்கு ஆகாது, விழும்போது உடம்பும் கேமும் அந்த அதிர்ச்சியை வாங்கும்.

கேள்வி: சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. சாய்ந்த பாறையில் கயிறு காலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் விழும்போது தலைகீழாகப் புரட்டி, பின்மண்டை பாறையில் மோதும். சைக்கிள் ஹெல்மெட் வேறு தரத்துக்குச் சோதிக்கப்பட்டது. மேலிருந்து விழும் கல்லுக்காகச் செய்ததும் அல்ல. இஎன் 12492 முத்திரை உள்ள மலையேற்ற ஹெல்மெட்டில், பக்கமும் பின்புறமும் நன்றாக இறங்கி மூடும் மாடலாக எடுங்கள். வார் மாட்டாமல் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். நழுவினால் வேறு அளவு கேளுங்கள்.