மாஸ்டரிடம் கேளுங்கள்: வெள்ளை பெல்ட் மஞ்சளாகிவிட்டால்

கேள்வி: பேரன் ஸ்கூல் பேண்டில் சைடு டிரம் வாசிக்கிறான். குடியரசு தினத்துக்கு அணிவகுப்பு இருக்கிறது. போன வருசத்து வெள்ளைத் தோல் பெல்ட்டை எடுத்துப் பார்த்தால் முழுக்க மஞ்சள் பாரித்து, பக்கிளைச் சுற்றிப் பச்சைப் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. பக்கிள் பித்தளைதானே, புளி போட்டுத் துலக்கலாமா? துணிக்கு ஊற்றும் ப்ளீச்சில் பெல்ட்டை ஊறவைக்கலாமா? பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார்கள்.
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ப்ளீச்சும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம் ஆச்சி. புளி, பக்கிளைத் தனியாகக் கழற்றினால் மட்டும். கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் பெல்ட் ப்ளீச் வாளியில் இறங்கியிருக்காது என்று நம்புகிறேன்.

முதலில் பெல்ட்டின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் துணி தெரிந்தால் அது தோல் இல்லை, ரெக்சின். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் அழுக்குப் போகும். ஆனால் ரெக்சின் மஞ்சளானால் ஆனதுதான், புதுசு வாங்கிவிடுங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். அதிலும் நார் நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் குரோம் பதனிட்டது, பழுப்பாக இருந்தால் பட்டை போட்டுப் பதனிட்டது. நம் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைதான். எதுவானாலும் வெள்ளை என்பது மேலே ஏற்றிய பூச்சு. அந்தப் பூச்சு பழசாகி, வியர்வையும் எண்ணெயும் ஏறித்தான் மஞ்சளாகிறது. அதனால் தோலை வெளுக்க முடியாது. அழுக்கை எடுக்கலாம், மேலே புது வெள்ளை பூசலாம். அவ்வளவுதான் வேலை.

ப்ளீச் பூச்சை அரித்துத் தோலின் நாரையும் கெடுக்கும். காய்ந்தால் விறைத்து, பக்கிள் ஓட்டையில் வெடிக்கும். சுண்ணாம்பா? தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலின் முடியை உதிர்க்கத்தான் சுண்ணாம்பில் போடுவார்கள். பதனிட்டு முடிந்த தோல் லேசான அமிலத் தன்மையில் இருப்பது, அதற்குச் சுண்ணாம்பு ஜென்மப் பகை. முட்டை வெள்ளைக்கரு தடவினால் பளபளக்கும் என்றுகூட யாராவது சொல்வார்கள். செட்டிநாட்டுச் சுவருக்குச் சரி, பெல்ட்டில் தடவினால் வியர்வை பட்டதும் நாறும்.

சரி, செய்ய வேண்டியது இது. பக்கிளைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். அந்தப் பச்சை, பித்தளையில் உள்ள செம்பும் தோலில் உள்ள எண்ணெயும் சேர்ந்து உண்டாவது. ஈர்க்குச்சியால் காய்ந்தபடியே சுரண்டி எடுங்கள், தண்ணீர் விட்டால் தோலில் இழுபடும். கழற்றிய பக்கிளுக்குப் புளியே போதும், கழுவி ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். கழற்ற வராவிட்டால் புளி வேண்டாம், சாறு தோலில் இறங்கிக் கறையாகும். பக்கிளுக்கு அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகிக்கொண்டு, பித்தளை பாலிஷைத் துளியூண்டு துணியில் தொட்டுத் தேயுங்கள். அதிலிருந்து வரும் கறுப்பு வெள்ளைத் தோலில் பட்டால் லேசில் போகாது.

பெல்ட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணி. கறுப்புக் கோடுகளுக்குப் பேரனின் பென்சில் ரப்பரே போதும். முகப்புத் திண்ணை நிழலில் தொங்கவிடுங்கள், மொட்டைமாடி வெயில் ஆகாது.

நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை ஷூ பாலிஷ், தோலுக்கென்று விற்கும் திரவம். கேன்வாஸ் ஷூவுக்குப் பூசுவது வேண்டாம், அது மாவாக உதிர்ந்து கால்சட்டையில் அப்பும். பாட்டிலைக் குலுக்கி மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. தடிமனாக ஒரே பூச்சாக அடித்தால் மடிகிற இடத்தில் பாளம் பாளமாக வரும். ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும், தீக்குச்சியில் துணி சுற்றி அப்போதைக்கப்போதே துடைத்துவிடுங்கள். முந்தின நாள் மத்தியானமே முடித்து ராத்திரி முழுக்க காயவிடுங்கள். டிரம் தொங்கவிடும் பட்டையும் வெள்ளைத் தோல் என்றால் அதற்கும் இதே வைத்தியம்தான்.

வெள்ளைக்காரப் பட்டாளத்தில் நம் நாமக்கட்டி மாதிரி ஒரு களிமண்ணைக் குழைத்து பெல்ட்டில் பூசுவார்களாம். மழை வந்தால் அத்தனையும் உடுப்பில். அதற்கு உங்கள் பேரன் பாடு தேவலை.

கேள்வி: பேண்ட் வாத்தியக் குழுவின் வெள்ளைத் தோல் பெல்ட்டுகளைப் பாலித்தீன் கவரில் போட்டுத்தான் பூட்டினேன். திறந்தால் பூஞ்சை. ஏன்?
– பள்ளி உதவியாளர், காரைக்குடி

பதில்: கவர்தான் காரணம் தம்பி. உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லை. பூஞ்சையைத் திறந்தவெளியில் வைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள், மூச்சில் ஏறாதபடி மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சாயத்துணி வேண்டாம், வெள்ளையில் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடையிடையே அலமாரியைத் திறந்து காற்றாட விடுங்கள்.