அமெரிக்க உளவியலாளர் லைட்னர் விட்மரைப் பற்றிக் கருத்தரங்கில் பேச எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிறந்த ஊர், படிப்பு, பட்டம் என்று வரிசையாகச் சொன்னால் 10 நிமிடக் கருத்தரங்கில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். நேராக 1896-க்குப் போங்கள். ஃபிலடெல்பியாவில் மார்கரெட் மகுவையர் என்ற பள்ளி ஆசிரியை, எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் எழுத்துப்பிழை போகாத ஒரு பையனை லைட்னர் விட்மரிடம் கொண்டுவருகிறார். அந்த ஆசிரியையும் விட்மரிடமே படித்துக்கொண்டிருந்தவர். 'மனதை ஆராயும் அறிவியலால் இவனுக்கு உதவ முடியாதா?' என்பதுதான் அவர் கேள்வி. விட்மர் பையனைச் சோதித்தார். கண்பார்வையில் கோளாறு தெரிந்தது. கண்ணாடி போட்டதும் ஓரளவு தேறினான், ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. அப்புறம் தனிப்பயிற்சியும் தேவைப்பட்டது. அந்த 'முழுக்கச் சரியாகவில்லை'யை விட்டுவிடாதீர்கள், எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் விட்மர் தொடங்கியதுதான் உலகின் முதல் உளவியல் சிகிச்சையகம்.

ஃப்ராய்டுதானே எல்லாவற்றையும் தொடங்கினார் என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஃப்ராய்டு மருத்துவர். விட்மரோ ஜெர்மனியின் லைப்சிக்கில், ஆய்வுக்கூட உளவியலின் முன்னோடியான வில்ஹெல்ம் வூண்ட்டிடம் அதைப் படித்து 1892-ல் முனைவரானவர். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். 'மருத்துவ உளவியல்' (clinical psychology) என்ற துறைக்குப் பெயரிட்டு, 1907-ல் அதற்கென ஓர் இதழையும் தொடங்கியவர் விட்மர்தான். தோழியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் உரையில் வூண்ட்டைப் பற்றி இரண்டு வரி போதும்.