பைடன் ஆட்சியில் தொழிலாளர் துறைச் செயலர் (அமைச்சர்) பதவிக்கு முன்மொழியப்பட்ட ஜூலி சூவுக்கு அமெரிக்க செனட் ஒப்புதல் தரவில்லை. பிறகு எப்படி அந்தத் துறையை நடத்தினார்?

செயலராக இருந்த மார்ட்டி வால்ஷ் விலகவே, 2023 பிப்ரவரி 28 அன்று பைடன் சூவை அந்தப் பதவிக்கு முன்மொழிந்தார். முதலில் செனட் குழுவின் விசாரணை, அதன் வாக்கு; பிறகு முழு அவையில் விவாதத்தை முடிக்க ஒரு வாக்கெடுப்பு, ஒப்புதலுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும்; 60 வாக்கு வேண்டும் என்பது 2013-க்கு முந்தைய கதை.

ஏப்ரலில் குழு 11-10 என ஏற்றது. 100 பேர் கொண்ட முழு அவையில் ஜனநாயகக் கட்சித் தரப்புக்கு 51 பேர்தான். அதில் ஜோ மான்சின் எதிர்த்துவிட்டார். 50-50 என்றால் துணை அதிபரின் வாக்கு கைகொடுக்கும்; இன்னொரு வாக்கு நழுவினாலும் தோல்வி என்பதால் வாக்கெடுப்புக்கே விடவில்லை. முடிவாகாத நியமனம் வெள்ளை மாளிகைக்குத் திரும்பியது. 2024-இல் மீண்டும் அனுப்பினார்கள், குழுவில் அதே 11-10, அத்தோடு நின்றது.

எதிர்ப்புக்குக் காரணம் கலிஃபோர்னியாவில் சூ செய்த வேலை, குறிப்பாக ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் தொழிலாளர்களை வைத்திருப்பதைக் கட்டுப்படுத்திய சட்டத்துக்கு அவர் தந்த ஆதரவு. 1995-இல் எல் மான்டேயில் முள்வேலிக்குள் அடைத்துவைக்கப்பட்டுத் துணி தைத்த தாய்லாந்துத் தொழிலாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் இவர். என் பார்வையில் அந்தப் பதவிக்கு இதைவிடப் பொருத்தமான தகுதி இல்லை.

தற்காலிகப் பொறுப்புக்குப் பொதுவாக 210 நாள் வரம்பு உண்டு. ஆனால் சூ 2021-இலேயே 50-47 என ஒப்புதல் பெற்ற துணைச் செயலர். செயலர் இடம் காலியானால், அடுத்தவர் நியமிக்கப்படும்வரை துணைச் செயலரே அந்தப் பணியைச் செய்யலாம் என்று தொழிலாளர் துறைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அதில் நாள் கணக்கு இல்லை. அந்தப் பிடிமானத்தில்தான் 2025 ஜனவரி வரை பொறுப்பில் இருந்தார்.