ஏழு மாதக் குழந்தைக்கு எந்த மரப் பொம்மை நல்லது?

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் தனியாக உட்காரவில்லை. எதைக் கொடுத்தாலும் வாயில் வைப்பதோடு சரி. பிளாஸ்டிக் பொம்மையால் மூளை வளர்ச்சி தாமதமாகிறது என்று ஆன்லைனில் ஒரு ஆலோசகர் சொன்னார். அவரே அனுப்பும் இயற்கை மரப் பொம்மைப் பெட்டி 6,800 ரூபாய். 800 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். வாங்கலாமா? வேறு என்ன பொம்மை கொடுக்கலாம்? (குழந்தை 32 வாரத்தில் பிறந்தான்.)
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: குழந்தை வளர்ச்சி மருத்துவர்

நீங்கள் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமான செய்தி. கர்ப்பத்தின் முழுக் கணக்கு 40 வாரம். உங்கள் மகன் எட்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டான். அதனால் தலை நிற்பது, உட்காருவது, பேசுவது எல்லாவற்றுக்கும் அவன் வயதை டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அவனுக்கு இப்போது ஐந்து மாதம் சொச்சம். அந்த வயதில் தனியாக உட்காராதது தாமதமே இல்லை. வாயில் வைப்பது குறையும் இல்லை. ஒரு பொருள் கடினமா, மெத்தென்றிருக்கிறதா, சில்லென்றிருக்கிறதா என்று அவன் வாயால்தான் படிக்கிறான்.

இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 37 வாரம் முடியும் முன் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கணக்குதான், இரட்டைக் குழந்தைகளானாலும் சரி. இரண்டு வயது வரை இப்படியே எண்ணுங்கள். திட உணவு எப்போது தொடங்குவது என்பதை மட்டும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அது பிறந்த தேதிப்படிதான், தள்ளிப்போடவே கூடாது. தடுப்பூசி அட்டையின் மேலேயே '32 வாரம்' என்று பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு யாராவது பேசினால் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

இதை நீங்கள் ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கேட்க வேண்டிய நிலை வந்திருக்கவே கூடாது. ஏழு மாதத்தில் எத்தனை முறை ஊசிக்குப் போயிருப்பீர்கள்! எடை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், அடுத்த தேதி எழுதினார்கள். எத்தனை வாரத்தில் பிறந்தான், கையை நீட்டி எதையாவது பிடிக்கிறானா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். வெளியே நிற்கும் வரிசையைக் காரணம் காட்டி அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் தருவதில்லை. நாங்கள் கேட்காமல் விட்ட இடத்தில்தான் பெட்டி விற்பவர் வந்து உட்காருகிறார்.

அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் இலவசமாக ஒரு 'வளர்ச்சி அட்டவணை' அனுப்புவார்கள். அதில் ஆறாம் மாதம் உட்கார வேண்டும் என்று ஒற்றைத் தேதி இருக்கும். உண்மையில் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நிறைமாதக் குழந்தைகளே ஏறக்குறைய நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம். நூற்றுக்கு நாலு பேர் தவழாமலே நடந்துவிடுகிறார்கள். இந்த இடைவெளியை மறைத்தால்தான் தாய்க்குப் பயம் வரும், பயம் வந்தால்தான் பெட்டி விற்கும். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'தாமதம்' என்று சொல்லி, அதற்கு மருந்தாகத் தன் சரக்கையே நீட்டுகிறவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

'இயற்கை' என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். குன்றிமணியும் இயற்கைதான், உடைந்த விதை வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குலுக்கினால் சத்தம் வரும் ஓலைக் கிலுகிலுப்பைக்குள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஓலை எச்சிலில் ஊறிப் பிரியும். அதைப் பாட்டி கையில் வைத்து ஆட்டிக் காட்டட்டும், குழந்தை கையில் வேண்டாம். வண்ண மரப் பொம்மையில் நான் பயப்படுவது சாயத்துக்கு. சாயத்தில் ஈயம் இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஈரத் துணியால் தேய்த்து நிறம் ஒட்டினால் தூக்கிப் போடுங்கள். ஒட்டாவிட்டாலும் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. மரப் பொம்மைக்குப் பெயர் போன கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றுகிறவருக்கு அந்த விலக்கு நியாயமானதே. ஆனால் எங்கோ மலிவாக வாங்கிய கட்டைக்குப் பெயின்ட் அடித்து, 'கைவினை' என்று சீட்டு ஒட்டி விற்கும் இடைத்தரகரும் அதே பெயரில் நுழைந்துவிடுகிறார். யார் தடுக்கிறார்கள்?

சரி, வீட்டில் என்ன கொடுப்பது? எவர்சில்வர் டம்ளர் ஒன்று, வழவழப்பான மரக்கரண்டி ஒன்று (சாயமும் வார்னிஷும் இல்லாதது, தலைப்பகுதி அகலமானது, சிராய் இல்லாதது), பழைய வேட்டித் துணியில் கைக்குட்டை அளவு கிழித்து நடுவில் ஒரு முடிச்சு. ஐந்து மாதத்துக்கு இவ்வளவு போதும். பாயில் குப்புறப் போட்டு, டம்ளரைக் கை எட்டும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். அதை எட்டுவதற்காக அவன் நெஞ்சைத் தூக்குகிறான் பாருங்கள், நாளைக்கு உட்காருவதற்கான முதுகு அப்போதுதான் உரமேறுகிறது. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். நீங்களும் பக்கத்தில் படுத்து அவனோடு பேசுங்கள்; அவனுக்கு உங்கள் முகத்தைவிடப் பெரிய பொம்மை கிடையாது. ஒன்றேகால் அங்குலத்துக்குள் அடங்கும் எதையும் கையில் தராதீர்கள், தொண்டையில் அடைக்கும். பிளாஸ்டிக்கில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஒன்றிரண்டு இருந்தால் இருக்கட்டும், அதனால் மூளை தேங்காது. சக்கரம் வைத்த வாக்கரை யாராவது பரிசாகக் கொடுத்தால் பரணில் போடுங்கள். கனடா 2004லேயே அதற்குத் தடை போட்டுவிட்டது.

அப்புறம், டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். இத்தனை முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்திலேயே விழித்திரைப் பரிசோதனை செய்திருக்க வேண்டும், காது கேட்கும் பரிசோதனையும்தான். இரண்டில் எது இல்லையென்றாலும் இந்த வாரமே போங்கள். தலை இன்னும் நிற்கவில்லை, கை எப்போதும் மூடியே இருக்கிறது, ஒரு பக்கக் கையை மட்டும் பயன்படுத்துகிறான் என்றாலும் அப்படியே. அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் (குழந்தையின் வளர்ச்சியைப் பார்த்து, தாமதம் இருந்தால் உதவும் இடம்) எங்கே என்று கேளுங்கள், டி.இ.ஐ.சி. என்றால் சட்டென்று புரியும். அங்கே கட்டணம் கிடையாது. வாசலில் இருப்பவருக்கே தெரியவில்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள், குழந்தைகள் பிரிவில் கேளுங்கள்.

முன்பணம் 800 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அதோடு விடுங்கள். மீதி 6,000 ரூபாயை அனுப்பாதீர்கள்.