கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையுமா? எதிர்ப்புச் செல்கள் பெருக கொலஸ்ட்ரால் வேண்டும் என்கிறார்களே?

உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான் இருப்பார். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே உங்களுக்குத் தள்ளிவிட்டிருப்பார். நீங்களும் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. "காப்பிக்காரனுக்கு எதற்குச் செல் பாடம்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: விலங்கியல் படித்தவன்தான். முப்பது வருடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று வருடம் முன்பு, காப்பிப் பழம் பறிக்கிற நேரம். அம்மாபேட்டையில் மச்சான் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். கொல்லையில் மூடி இல்லாத நீல டிரம்மில் தண்ணீர், அதில் கொசுப்புழு நெளிந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன். மலைக்குத் திரும்பிய வாரமே காய்ச்சல், டெங்கு. தட்டணுவைப் பார்க்க மறுபடி சேலம் இறங்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார்தான். வளைவிலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, முன்னால் ஒருவர் குரங்குக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மலையில் நோயாளியும் குடியிருக்கிறான் என்பது சனி ஞாயிறில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சரி, அது வேறு கதை.

லேபில் இருந்த பெண், "கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தீங்கன்னா பேக்கேஜாவே எடுத்துடலாங்க சார்" என்றது. தலையாட்டினேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 104 என்று வந்தது. மாத்திரைக்கு முன் 238, மாத்திரையோடு 160 என்று இருந்தவன் நான். நோய் தீர்ந்தது என்று நானே முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து மச்சானின் செய்தியும் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 246.

டாக்டர் திட்டினார்: "காய்ச்சல்ல எடுத்த ரிப்போர்ட்டை வெச்சு யாருங்க உங்களை நிறுத்தச் சொன்னது?" கடுமையான தொற்று வந்தால் ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்குவது தெரிந்த விஷயமாம். கல்லீரல் அந்தச் சமயத்தில் வேறு மாதிரி வேலை செய்கிறது, செல்களும் கொஞ்சம் இழுத்துக்கொள்கின்றன. காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்து எடுத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

மச்சான் அனுப்பியதில் பாதி உண்மை, அதுதான் வம்பு. நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல், கிருமியின் துண்டை அடையாளம் கண்டதும் பருத்து, ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிகிறது. வீட்டைப் பாகம் பிரித்தால் புதுச் சுவர் எழுப்ப வேண்டுமே, அதுபோல ஒவ்வொரு பிரிவுக்கும் புதிய சவ்வு வேண்டும். கொலஸ்ட்ரால் இல்லாமல் அந்தச் சவ்வு நிற்காது. ஆகவே செல் தானும் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து ஓடும் எல்டிஎல் துகளையும் பிடித்து உள்ளே இழுக்கிறது, இருப்பதை வெளியேற்றும் வழியையும் அடைத்துவிடுகிறது. அந்த வழியைத் திறக்கும் புரதத்துக்கு எல்எக்ஸ்ஆர் என்று பெயர். அதைத் தூண்டிவிட்டால் டி செல் பெருகத் திணறுகிறது என்று 2008-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஸ்டாட்டின், அதாவது நாம் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரையின் மருந்தை, ஆய்வகத் தட்டில் நிறைய ஊற்றினாலும் செல் பிரிவது குறையும், உண்மைதான். ஆனால் நாம் விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் வேலை செய்வது கல்லீரலில். செல் எல்டிஎல்லைப் பிடிக்கப் பயன்படுத்தும் ஏற்பி பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1985-ல் நோபல் வாங்கிய பிரவுனும் கோல்ட்ஸ்டீனும், டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராம் எல்டிஎல் இருந்தாலே உடம்புச் செல்களுக்குப் போதும் என்று கணக்குப் போட்டவர்கள். மாத்திரை சாப்பிட்டும் எனக்கு எல்டிஎல் 92. டி செல் பட்டினி கிடக்கிற அளவா இது?

உங்களுக்கு வேறு நோய் இருக்கலாம், வேறு மருந்தும் ஓடலாம், அதனால் என் பேச்சைக் கேட்டு எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

போன மாதம் அம்மாபேட்டை போயிருந்தேன். மச்சான் பூண்டுத் தண்ணீர் பற்றி ஒரு வீடியோ காட்டினார். டிரம்முக்கு இன்னும் மூடி வரவில்லை.